மூன்று இயங்குதளங்களும் ஒரு மடிக்கணினியும்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு தேநீர்க் கடையில் கால்மணி நேரம் அமர்ந்திருந்தால் மூன்று மொழிகள் காதில் விழும். கடைக்காரர் ஒருவரிடம் தமிழில் காசு கேட்பார். அடுத்தவரிடம் தெலுங்கில் நலம் விசாரிப்பார். பெங்களூருக்குப் புறப்படும் ஓட்டுநருக்குக் கன்னடத்தில் விடை கொடுப்பார். அவருக்கு இருப்பது ஒரே நாக்கு. எல்லையோரத்தில் வாழ்பவர் எவரும் இந்தப் பயிற்சியைத் தனியே பெறுவதில்லை. பிழைப்பே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் நான் பாடம் சொல்லி வந்தேன். ஒரு நாள் மாலை மாணவி ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். பேரிகைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள்; தந்தையார் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். நாள்தோறும் பறிக்கும் பூக்களின் எண்ணிக்கையையும், அன்றைய விலையையும், வியாபாரி தரவேண்டிய பாக்கியையும் குறித்துக்கொள்ள ஒரு மென்பொருள் எழுத வேண்டும் என்பது அவள் எண்ணம். தோட்டக்காரர் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கும். வியாபாரியின் கடையில் விண்டோஸ் கணிப்பொறி இருக்கும். பெங்களூரில் பூவை மொத்தமாக வாங்குபவர் ஐபோன் வைத்திருப்பார். கணக்குகளையெல்லாம் சேர்த்துவைக்கும் தொலைதூரக் கணிப்பொறியோ லினக்சில் ஓடும். "ஐயா, அப்பா ஒரு மடிக்கணினிதான் வாங்கித் தர முடியும் என்கிறார். இரண்டாவது ஒன்று கேட்க எனக்கு வாய் வராது. எதை வாங்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

ஒரு பருவத்துப் பூவின் வருமானம் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது. ஆதலின் நான் உடனே விடை சொல்லவில்லை. கடைக்குப் போனால் எது வேகமானது, எது மெல்லியது என்றுதான் சொல்வார்கள். அவளுடைய கேள்விக்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. அன்று அவளுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறி தோன்றிய தொடக்க நாட்களில், ஓர் இயந்திரத்துக்காக எழுதிய நிரல் மற்றோர் இயந்திரத்தில் ஓடாது. புதிய இயந்திரம் வாங்கினால் நிரல்களையெல்லாம் புதிதாக எழுதியாக வேண்டும். 1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற கணிப்பொறிக் குடும்பத்தை வெளியிட்டபோதுதான் இந்நிலை சற்றே மாறியது. குடும்பத்தில் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. ஆயினும் எல்லாவற்றுக்கும் கட்டளைமொழி ஒன்றே. சிறியதில் எழுதிய நிரல் பெரியதிலும் ஓடிற்று. ஆனால் அந்தக் குடும்பத்தின் வாசற்படியைத் தாண்டி அது வெளியே போகவில்லை.

வாசற்படியைத் தாண்டவைத்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆவர். 1969இல் அவர்கள் 'யூனிக்ஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். இயங்குதளம் என்பது யாது? இயந்திரத்துக்கும் நம் நிரலுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் கோப்புகளையும் திரையையும் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர் என்று கொள்ளுங்கள். 1973ஆம் ஆண்டு அவர்கள் அந்த மேலாளரையே ரிட்சி வகுத்த 'சி' என்னும் நிரல்மொழியில் திரும்ப எழுதினார்கள். அதன் பயன் பெரிது. ஒரு புதிய இயந்திரத்துக்கு 'சி' மொழியைப் புரியவைத்துவிட்டால், யூனிக்சும் பெரும்பகுதி அங்கே குடிபுகுந்துவிடும்.

இது வெறும் எண்ணமன்று, நடக்கக்கூடியதே என்று 1977ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வொல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் என்பவர் முற்றிலும் வேறு வகையான இன்டர்டேட்டா இயந்திரத்துக்கு யூனிக்சைக் கொண்டுசென்றார். பெல் ஆய்வுக்கூடத்தாரும் ஏறக்குறைய அதே காலத்தில் அவ்வினத்தைச் சேர்ந்த மற்றோர் இயந்திரத்தில் அதைச் செய்துகாட்டினர். ஆக, நிரல் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படலாம் என்பது தெளிவாயிற்று. பலவகை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் இன்றைய தொழிலின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால், மாணவர்களே, ஓர் எல்லை அழிந்த இடத்தில் வேறு எல்லைகள் முளைத்தன. 1981இல் ஐ.பி.எம். தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் உறுப்புகள் பெரும்பாலும் கடையில் கிடைப்பவையாதலால், விரைவிலேயே காம்பாக் முதலிய பிற நிறுவனங்களும் அதற்கு இணையானவற்றைச் செய்யத் தலைப்பட்டன. இன்று விண்டோஸ் ஓடும் மடிக்கணினியை எத்தனையோ நிறுவனங்கள் விற்பதற்குக் காரணம் அதுவே. ஆப்பிள் நிறுவனத்தின் வழி வேறு. 1984இல் வெளிவந்த மாக்கின்டாஷ் தொடங்கி, இயந்திரத்தையும் இயங்குதளத்தையும் ஒரே கையால் செய்து ஒன்றாகவே விற்பது அதன் மரபு. மூன்றாவது வழியை 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் திறந்தார். அப்போது அவருக்கு வயது 21. தம்மிடம் இருந்த சாதாரணமான 386 கணிப்பொறிக்காக அவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ், எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாக வளர்ந்தது.

இவ்வாறு மூன்று இயங்குதளங்கள் நிலைபெற்றன. அவற்றுக்கு இடையே நிற்கும் எல்லைகளும் மூன்று. முதலாவது சில்லு: நிரலைச் செயற்படுத்தும் நுண்செயலி எந்த இனத்தது என்பது. இரண்டாவது இயங்குதளம்: அதன் பழக்கவழக்கங்கள் எத்தகையன என்பது. மூன்றாவது உரிமம்: எதை எங்கே ஓட்டச் சட்டம் இடந்தருகிறது என்பது.

மூன்றாவது எல்லையை விளங்கவைக்க எனக்கு ஜூஜூவாடியே போதும். 2017ஆம் ஆண்டு சரக்கு சேவை வரி வருவதற்குமுன், ஓசூரை அடுத்த அந்தச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்பதை முதியவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். அப்பால் அத்திப்பள்ளி, சாலை ஒன்றே, மண் ஒன்றே. லாரி ஓடாமல் நின்றது சாலையில் பள்ளம் இருந்ததனால் அன்று. காகிதம் ஒன்று வேண்டியிருந்ததனால். மென்பொருளிலும் அவ்வாறே. விண்டோசையும் லினக்சையும் பல நிறுவனங்களின் இயந்திரங்களில் நிறுவலாம். ஆப்பிளின் மாக் இயங்குதளத்தையோ அதன் உரிமத்தின்படி ஆப்பிள் இயந்திரத்தில்தான் நிறுவலாம். ஐபோனுக்குரிய மென்பொருளை முறையாகக் கட்டித் தரும் 'எக்ஸ்கோடு' என்ற கருவித்தொகுப்பும் மாக்கில் மட்டுமே ஓடும்.

இதைக் கேட்டதும் அந்தப் பெண் சற்றுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்கள் மாவட்டத்தில்தான் ஐபோன் கூடு செய்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்துகள் எங்கள் சாலை வழியாகத்தான் போகின்றன. அந்தப் போனுக்கு ஒரு நிரல் எழுத மட்டும் என் கணிப்பொறி போதாதா?" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் அந்தக் கைப்பேசியின் புறக்கூடுகள் உருவாகின்றன. 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததுமுதல், மோட்டார் வண்டியும் டைட்டன் கடிகாரமும் செய்து பழகிய கைகள் இந்த மண்ணின் கைகள். பொருளின் உடலைச் செய்வது ஒரு தொழில். அதனுள்ளே ஓடும் நிரலைச் செய்வது மற்றொன்று. முன்னதற்கு வாயில் திறந்திருக்கிறது. பின்னதற்குச் சாவி வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சாவியை வாங்கித்தான் ஆக வேண்டுமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா என்பதே அவள் முன்னிருந்த உண்மையான கேள்வி.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு எளிய விடை இருந்தது. ஆப்பிள் தன் சில்லினத்தை மும்முறை மாற்றியிருக்கிறது: 1994இல் பவர்பிசிக்கு, 2006இல் இன்டெலுக்கு, 2020இல் தானே வடிவமைத்த ஆர்ம் இனச் சில்லுக்கு. இடைப்பட்ட அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மாக்கும் விண்டோசும் லினக்சும் ஒரே இனச் சில்லைப் பகிர்ந்துகொண்டன. ஒரு மாக் வாங்கினால் மூன்றையும் அதிலேயே நேராக ஓட்டலாம். மூத்த பொறியாளர்கள் பலர் இன்றும் "ஒரு மாக் வாங்கிவிடு, எல்லாம் முடிந்தது" என்று அறிவுரை சொல்வது அந்தக் காலத்தின் நினைவால்தான். 2020க்குப் பின் வந்த மாக்கில் விண்டோசின் ஆர்ம் வடிவத்தை விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம். லினக்சையும் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வியாபாரியின் மேசையில் இருக்கும் சாதாரண இன்டெல் கணிப்பொறிக்கு அது நிகராகாது. பழைய இன்டெல் மாக் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறவும் வேண்டா. 2025இல் வெளிவந்த மாக் இயங்குதளப் பதிப்பே இன்டெல் இயந்திரங்களுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அறிவுரைக்கும் ஆயுள் உண்டு. அது எந்த ஆண்டுக்கு உரியது என்று கேட்டறிவது நலம்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வாறு வழங்கப்பட்டவை 50 இலட்சத்தைத் தாண்டின. அவற்றுள் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ்; மற்றொன்று 'பாஸ்' என்னும் லினக்ஸ். பின்னது டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இயந்திரத்தைத் திறந்தவுடன், எதற்குள் நுழைய விரும்புகிறாய் என்று அது மாணவனைக் கேட்கும்.

நல்ல கேள்வி அது. ஆனால் நாம் அதற்கு என்ன விடை சொன்னோம்? 'இது எதற்கு, இடத்தை அடைக்கிறது' என்று லினக்சை அழித்துவிட்டவர்கள் மிகப் பலர். மறைப்பானேன், நானே சில மாணவர்களுக்கு அழித்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு அவர்களுள் ஒருவன் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போனான். அங்கே முதல் நாளே அவன் முன் வைக்கப்பட்டது லினக்ஸ் திரை. "ஐயா, இது நம் பழைய மடிக்கணினியில் இருந்ததுதானே?" என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

ஒரே நிரலை எல்லா இயங்குதளங்களிலும் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 1995இல் ஜாவா மொழி வந்தபோது, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று அதை அறிமுகப்படுத்தினார்கள். எங்கும் ஓடும் என்பது பெரும்பாலும் மெய்யே. எங்கும் ஒரேவிதமாக ஓடும் என்பது அன்று. இரண்டு உதாரணங்கள் கூறுவேன்.

படக்கோப்பு ஒன்றின் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேமித்துவிட்டு, நிரலில் சிறிய எழுத்தால் அழைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோசும் மாக்கும் பொதுவாக இதைப் பொறுத்துக்கொண்டு படத்தைக் காட்டும். லினக்சோ அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரித்துவிடும். வீட்டில் ஓடிய நிரல், ஊரார் பயன்படுத்தும் தொலைதூரக் கணிப்பொறியில் நின்றுபோகும்.

இரண்டாவது உதாரணம் நம் மொழியைச் சேர்ந்தது. 'தோட்டம்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுங்கள். முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னே வரும் ஏகாரக் கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாக்கின் பழைய கோப்பு முறை பெயர்களை இவ்வாறு பிரித்தே சேமித்து வந்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். ஆதலால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போன தமிழ்க் கோப்பு, கண்ணெதிரே இருந்தும் நிரலுக்கு அகப்படாமல் போவதுண்டு. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை தெரியாது. தமிழில் மென்பொருள் செய்பவர் எல்லா எல்லைகளையும் தாமே நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அவளுக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். அதைப் படிப்படியாகக் கேளுங்கள்.

முதலில், உன் பிழைப்பு எந்தக் கருவியில் இருக்கிறது என்று பார். நாள்முழுதும் ஐபோனுக்கே எழுதப்போகிறாய் என்றால் மாக் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கடன்பட்டாலும் அது தொழிற்கருவி. உன் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு ஆண்ட்ராய்டும் விண்டோசும் லினக்சும் என்றால், இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சில்லுள்ள சாதாரண இயந்திரமே போதும். ஆண்ட்ராய்டுக்கான கருவித்தொகுப்பு மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். எஞ்சிய ஒரு பங்குக்கு மாக்கை இணையத்தின் வழியே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். நிரலை எல்லாரும் காண வெளியிடுபவர்களுக்குக் கிட்ஹப் போன்ற தளங்கள் தம் மாக் இயந்திரங்களில் அதைக் கட்டணமின்றியே கட்டித் தருகின்றன.

இரண்டாவது, நினைவகம். ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ள இரு வழிகள் உண்டு. ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றைத் திறப்பது ஒரு வழி. ஒன்றினுள்ளே மற்றொன்றை விருந்தாளியாக ஓட்டுவது மற்றொரு வழி, 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் சாதாரணக் கணிப்பொறிகளில் இதைப் பரவலாக்கியது. 2016முதல் விண்டோசே தன்னுள் லினக்சுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறது. விருந்தாளிக்கும் சோறு போட வேண்டுமல்லவா? எட்டு ஜி.பி. நினைவகத்தில் வீட்டுக்காரருக்கும் போதாது, விருந்தாளிக்கும் போதாது. 16 ஜி.பி. வேண்டும், 32 கிடைத்தால் நன்று. இப்போது எட்டுத்தான் வாங்க முடியுமென்றால், பின்னர் கூட்டுவதற்கு இடமுள்ள இயந்திரத்தையே வாங்கு. நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்த மடிக்கணினி எவ்வளவு மெலிதாயினும், வாங்கிய நாளன்றே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

மூன்றாவது, சில்லின் இனம். இப்போது விண்டோஸ் மடிக்கணினிகளிலும் ஆர்ம் இனச் சில்லு உள்ளவை விற்பனைக்கு வருகின்றன. மின்கலம் நெடுநேரம் தாங்கும் என்பது மெய். ஆனால் லினக்ஸ் நிறுவுவது இன்டெல், ஏ.எம்.டி. இயந்திரங்களில் உள்ளதுபோல அவற்றில் எளிதன்று. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கு.

நான்காவது, கடையிலேயே சோதித்துப் பார். ஒரு விரற்கடை அளவுள்ள யு.எஸ்.பி. நினைவகத்தில் லினக்சை எழுதிக்கொண்டு போ. அதிலிருந்தே இயந்திரத்தைத் திற. கம்பியில்லா இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பார். பத்து நிமிட வேலை. பல மாதத் துன்பத்தைத் தவிர்க்கும்.

அவள் தந்தையாரோடு பெங்களூர் எஸ்.பி. சாலைக்குப் போனாள். கணிப்பொறிகளும் அவற்றின் உறுப்புகளும் குவிந்துகிடக்கும் அந்தச் சந்தையில், பிறர் பயன்படுத்திய இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தன் யு.எஸ்.பி.யைச் செருகிச் சோதிக்கத் தொடங்கியபோது கடைக்காரர் கன்னடத்தில் முணுமுணுத்தாராம். இவளும் கன்னடத்திலேயே விடை சொன்னாளாம். முதல் இயந்திரத்தில் இணையம் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. எட்டு ஜி.பி.யோடு வாங்கி, மூன்று மாதம் கழித்துத் தன் கையாலேயே திறந்து பதினாறாக்கினாள். மீந்த பணம் பூச்செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட உதவிற்று என்று தந்தையார் பின்னர் என்னிடம் சொன்னார்.

ஐபோன் வடிவம்தான் கடைசியாக வந்தது. வாடகை மாக்கின் திரையில் தோன்றும் மாதிரிக் கைப்பேசியில் அதை ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். அதை ஆப்பிளின் கடையில் வைப்பதற்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணம் உண்டு. அதற்கு இன்னும் காலம் வரவில்லை. சாவி இன்றும் வேறிடத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பூட்டு எங்கே இருக்கிறது, அதற்கு என்ன விலை என்பதை அறிந்தே அவள் தன் தந்தையின் பணத்தைச் செலவிட்டாள். அறியாமல் செலவிட்டிருந்தால், பெருந்தொகை கொடுத்து மாக் வாங்கிப் பத்தில் ஒரு பங்கு வேலைக்கு வைத்திருப்பாள். அல்லது ஐபோனுக்கு வழியே இல்லை என்று எண்ணி அந்த எண்ணத்தையே விட்டிருப்பாள்.

சென்ற முறை நான் ஓசூர் போயிருந்தபோது, அந்தத் தேநீர்க் கடையில் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். விண்டோசில் ஒரு முறை, லினக்சில் ஒரு முறை, தொலைவில் இருந்த மாக்கில் ஒரு முறை ஒரே கோப்பைத் திறந்தாள். 'தோட்டம்' என்று பெயரிட்ட அந்தக் கோப்பு மூன்றிலும் பிழையின்றித் திறந்தது. அன்றைய பூக்கணக்கு அதில் இருந்தது.